பதினைந்து என்சைம்களும் ஒரு கணையமும்

முதலில் ஒரு பட்டியல். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். அமைலேஸ், புரோட்டியேஸ், குளுக்கோஅமைலேஸ், பெக்டினேஸ், ஆல்ஃபா கேலக்டோசிடேஸ், லாக்டேஸ், பீட்டா குளுக்கனேஸ், செல்லுலேஸ், லைப்பேஸ், புரோமிலைன், சைலனேஸ், ஹெமிசெல்லுலேஸ், மால்ட் டயஸ்டேஸ், இன்வர்டேஸ், பப்பைன்.

பதினைந்து. ஏதோ சிப்காட் தொழிற்சாலையின் கொள்முதல் ரசீது என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்த மனிதன் ஏப்பம் விடுவதற்காகத் தயாரித்த ஒற்றை மருந்தின் உள்ளடக்கம் இது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் 156 காம்பினேஷன் மருந்துகளை ஒரே வீச்சில் தடை செய்தது. அந்தப் பட்டியலில் இந்தப் பதினைந்து பேர் கொண்ட கூட்டணியும் இருந்தது. இப்படிச் சேர்ப்பதற்குச் சிகிச்சை ரீதியான நியாயமே கிடையாது என்பதுதான் நிபுணர் குழு சொன்ன காரணத்தின் சாரம். நியாயம் இல்லை என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் எத்தனை வீட்டு அலமாரிகளில் இது குடியிருந்தது, எத்தனை மருந்துச்சீட்டுகளின் கடைசி வரியில் இடம் பிடித்தது என்பதெல்லாம் பழைய கதை. கேட்டால் 'அப்ப தெரியாதுங்க' என்பார்கள்.

இந்தக் கூட்டணிக் கட்சியினர் ஒவ்வொருவரும் வெளியே என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்தால் மரியாதை கூடும்.

செல்லுலேஸ் திருப்பூரில் வேலை பார்க்கிறது. பனியன் துணியின் மேலே எழும்பி நிற்கும் பஞ்சு ரோமத்தை அரித்துத் தள்ளி வழுவழுப்பாக்குகிறது. பயோ வாஷ் என்று சாயப்பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பருத்தி என்பது செல்லுலோஸ். புல், வைக்கோல், கீரைத்தண்டின் நார் எல்லாமும் அதுவே. மனித உடல் இந்த என்சைமைச் சுரப்பதே இல்லை. மாடுகூடச் சொந்தமாகச் சுரப்பதில்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. நமக்கு நார்ச்சத்து வேண்டும் என்று மருத்துவர்கள் தொண்டை கிழியக் கத்துவதே அது செரிக்காமல் குடல் வழியே போக வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நாரையும் கரைத்துவிடுகிறேன் என்று ஒரு மருந்து முன்வந்தது என்றால் அதன் நோக்கம் உயர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் நாலைந்து டோஸ் கூட்டினால் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் வைக்கோல் போடலாம். மானியச் சுமை குறையும். மத்தியத் தொகுப்பிலிருந்து அரிசி வரவில்லை என்ற சண்டையும் இருக்காது. நிதித்துறைச் செயலர்கள் இந்த மருந்தைத் தடை செய்ய எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சைலனேஸ் கோழித்தீவனத்தில் கலப்பது. காகித ஆலையில் கூழை வெளுப்பதற்கும் உதவும். பெக்டினேஸ் பழச்சாற்றுத் தொழிற்சாலையில் கலங்கலைத் தெளிய வைக்கும். இன்வர்டேஸ் சாக்லேட்டின் நடுவே பாகு வழியும்படி செய்யும். புரோட்டியேஸும் லைப்பேஸும் நம் சலவைத் தூளில் இருந்து சட்டைக் காலர் அழுக்கையும் எண்ணெய்க் கறையையும் போக்குபவை. பப்பைன் யாரென்று பிரியாணி மாஸ்டர்களைக் கேளுங்கள். கறி வேகாத கிடாவாக இருந்தால் ஒரு துண்டு பப்பாளிக் காயைத் தட்டிப் போடுவார்கள். பப்பாளிப் பாலை எடுப்பதற்கும் ஏற்றபடி கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 போன்ற ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. கறியை மெத்தென்று ஆக்கும் அந்தப் பால், நம் இரைப்பையும் கறிதான் என்பதைக் கண்டுகொள்ளாமல் விடும் என்று நம்பி விழுங்கியிருக்கிறோம். நல்ல வேளை, அங்கே அதைச் சமாளிக்க அமிலம் இருக்கிறது.

கோழி, காகிதம், பனியன், சாக்லேட், பிரியாணி. ஐந்து தொழில்களை ஒரு தேக்கரண்டியில் ஊற்றிக் கொடுத்தது நம் மருந்துத்துறை. தொழில் வளர்ச்சி என்றால் இதுவல்லவா.

இந்தப் பதினைந்து பேரும் காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தால்கூட மன்னிக்கலாம். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். இரைப்பைக்குப் பின்னால், ஒரு சாண் நீளத்துக்குள், நூறு கிராம் எடைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது கணையம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் சாறு சுரக்கிறது. மாவை உடைக்க ஒன்று, புரதத்தை வெட்ட ஒன்று, கொழுப்பைக் கரைக்க ஒன்று என்று சாப்பாட்டின் தன்மை பார்த்து அனுப்புகிறது. அதற்கு முன்னால் உமிழ்நீர் ஒரு கை பார்த்திருக்கும். பின்னால் சிறுகுடலின் சுவரே மிச்ச வேலையை முடிக்கும். இதில் அதிசயம் கணையத்தின் கையிருப்பு. அதன் சுரக்கும் திறனில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் அழிந்த பிறகுதான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் எண்ணெயாக மிதக்கத் தொடங்கும். அதாவது பத்தில் ஒரு பங்கு ஆள்பலத்தோடு முழு அலுவலகத்தையும் நடத்தக்கூடிய ஊழியர் அவர். அவருக்குத் துணையாக, கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் வாங்கியவன், ஒரு சிரப்பை நியமிக்கிறான்.

அந்த சிரப்பின் மேல் ஒட்டியிருப்பதை ஒரு நாள் நிதானமாகப் படிக்கலாம். பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும்: டயஸ்டேஸ், பெப்சின். முதலாவது மாவைச் செரிக்கும், இரண்டாவது புரதத்தைச் செரிக்கும். சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. கடுமையான அமிலம் இருந்தால்தான் பெப்சின் வேலை செய்யும். அந்த அமிலத்தில் டயஸ்டேஸ் செயலிழக்கும். போதாததற்கு என்சைம் என்பதே ஒரு புரதம். புரதத்தை வெட்டுவதுதான் பெப்சினின் பிழைப்பு. ஆகவே வயிற்றுக்குள் போன கணமே ஒரு பங்காளி இன்னொரு பங்காளியைச் சாப்பிடத் தொடங்குகிறான். சாம்பார் சாதம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. நீங்கள் கொடுத்த காசுக்கு உங்கள் உடலுக்குச் சேர்வது சில மில்லிகிராம் அமினோ அமிலம். அதே சத்து அரை ஸ்பூன் பருப்பில் இருக்கிறது, அதுவும் தாராளமாக.

இதைவிடப் பெரிய வேடிக்கை மருந்துச்சீட்டில் நடக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. இரைப்பையில் அமிலம் சுரப்பதை நிறுத்துவதற்கு. சாப்பாட்டுக்குப் பின் இரண்டு ஸ்பூன் சிரப். அமிலம் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் பெப்சின் அதில். ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை, ஒரே தேதி. கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு விருந்தாளியையும் அனுப்பி வைக்கிற கலை இது. கேள்வி கேட்கிற நோயாளிக்கு 'நீங்க டாக்டரா, நான் டாக்டரா?' என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலைச் செரிக்க எந்த என்சைமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெப்சின் பொதுவாகப் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத வீடுகளின் அலமாரியில், விபூதித் தட்டுக்கு நாலு அங்குலம் தள்ளி, அன்னாசிப்பழ வாசனையோடு அது நின்றுகொண்டிருக்கும். மருந்துக்குத் தோஷமில்லை என்பார்கள். சரி, மருந்தாக இருந்தால் தோஷமில்லைதான்.

இந்த வியாபாரம் இன்று நேற்று முளைத்ததில்லை. 1833இல் முளைகட்டிய தானியத்திலிருந்து டயஸ்டேஸைப் பிரித்தெடுத்தார்கள், பாயனும் பெர்சோஸும். மூன்று வருடம் கழித்து ஷ்வான் பெப்சினைக் கண்டார். 1894இல் ஜப்பானியரான ஜோகிச்சி தகமினே, தன் நாட்டில் அரிசியை நொதிக்க வைக்கும் பூஞ்சையிலிருந்து எடுத்த டயஸ்டேஸுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். பார்க் டேவிஸ் கம்பெனி அதை அஜீரண மருந்தாக விற்றது. எல்லாம் மேன்மக்கள்.

ஆனால் இந்தத் தொழிலின் குலதெய்வம் இவான் பாவ்லோவ்தான். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்ற கதையில் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரே. 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. புனித பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவரது ஆய்வகத்தில் நாய்களின் உணவுக்குழாயை வெட்டிக் கழுத்து வழியே திறந்து வைத்திருந்தார்கள். நாய் கறியை ஆசையாகத் தின்னும். தின்றது கழுத்து வழியே கீழே விழும். மறுபடி தின்னும், மறுபடி விழும். ஏமாந்த இரைப்பை சாறாகச் சுரந்து தள்ளும். அதைக் குழாய் வைத்துப் பிடித்து, வடிகட்டி, புட்டியில் அடைத்து, அஜீரணக்காரச் சீமான்களுக்கு விற்றார்கள். ஆயிரக்கணக்கில் போன சரக்கு; ஆய்வகத்துக்கு நல்ல வருமானம். நாய்க்குச் சோறும் இறங்கவில்லை, சாறும் தங்கவில்லை. பொய்த்தீனி போட்டு நிஜக்காசு பார்க்கும் வித்தையை உலகுக்குச் சொல்லிக் கொடுத்த ஆய்வகம் அது. நம்முடைய கம்பெனிகள் ஜீவகாருண்யம் மிக்கவை. அவர்களுக்கு நாய் தேவைப்படவில்லை. விளம்பரம் பார்க்கும் குடும்பம் ஒன்று போதும்.

பிறகு அமெரிக்காவில் எட்வர்ட் ஹோவல் என்ற மருத்துவர் வந்தார். 1985இல் வெளியான அவருடைய புத்தகம் இந்த மதத்துக்கு வேதம். ஒவ்வொரு மனிதனும் பிறக்கும்போதே குறிப்பிட்ட அளவு என்சைம் இருப்போடு பிறக்கிறானாம். சமைத்த சோற்றைத் தின்னத் தின்ன அந்த இருப்பு கரைந்து, தீர்ந்த அன்று ஆள் போய்விடுவானாம். வங்கிக் கணக்குப் போல. உடல் என்சைம்களை அன்றாடம் புதிதாகத் தயாரித்துக்கொள்கிறது என்ற பாடப்புத்தகச் செய்தி இந்த வங்கிக்கு எட்டவில்லை. ஆனாலும் இன்றைக்கும் யூடியூபில் 'லிவிங் என்சைம்ஸ்' என்று கண்களை மூடிப் பேசுகிற ஒவ்வொருவரும் அந்த வங்கியின் கிளை மேலாளர்தான். சமைத்த சோறு செத்த சோறு என்கிறார்கள். நம் பாட்டிமார்கள் செத்த சோற்றைத் தின்றுதான் எட்டு பிள்ளை பெற்றார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். என்சைம் என்பதே பித்தலாட்டம் இல்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிற பெரியவர்கள் தென்னாட்டில் ஏராளம். பாலின் லாக்டோசை உடைக்கும் லாக்டேஸ் அவர்களுக்கு வயதோடு குறைந்துவிடுகிறது. அவர்களுக்கு லாக்டேஸ் மாத்திரை உதவும். மொச்சையும் கொண்டைக்கடலையும் தின்று வாயுவில் தவிப்பவர்களுக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஓரளவு உதவலாம். பாலுக்குப் பதில் தயிர், ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி வேகவைத்த கடலை என்று நம் சமையலறை இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்பது வேறு விஷயம். அதற்கு மாடல் அழகி கிடைக்கவில்லை. கணையம் அழிந்தவர்களுக்கோ என்சைம்தான் உயிர். அவர்களிடம் பிறகு வருகிறேன். அங்கே கேலி செய்ய எனக்குத் தெம்பு இருக்காது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மருந்து என்று சொல்லி விற்றால் தொல்லை அதிகம். வேலை செய்கிறதா என்று நிரூபிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வருவார், தடைப்பட்டியல் வரும். ஆகவே புத்திசாலிகள் அலமாரியை மாற்றினார்கள். அதே வகைச் சரக்கு 'உணவுத் துணைப்பொருள்' ஆனது. அமெரிக்கா 1994இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு வழிகாட்டியது: விற்பதற்கு முன்னால் பலன் உண்டென்று அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் வந்த நியூட்ராசூட்டிகல் விதிகளும் இருக்கின்றன. மருந்து உரிமம் இல்லாமல், உணவு உரிம எண்ணோடு, செரிமான என்சைம் குளிகைகள் இணையக் கடைகளில் நட்சத்திர மதிப்பீட்டோடு விற்கின்றன.

இந்த விதிகளில் ஒரு நகைச்சுவை ஒளிந்திருக்கிறது. டப்பாவின் மேல் கட்டாயம் அச்சிட வேண்டிய வாசகம் ஒன்று: 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்'. மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது. கூடவே, பலவகை உணவுக்கு இது மாற்றாகாது என்றும் எச்சரிக்க வேண்டும். ஆக, இது மருந்தும் இல்லை என்று கம்பெனியே எழுதித் தருகிறது, சாப்பாட்டுக்கு ஈடும் இல்லை என்று கம்பெனியே எழுதித் தருகிறது. பிறகு என்னதான் இது? மருந்தில்லாததை டாக்டர் எழுதுகிறார், மருந்துக்கடை விற்கிறது, நோயாளி வேளை தவறாமல் விழுங்குகிறார். அந்த ஒரு வரியை மட்டும் மூவரும் படிக்கவில்லை. படிக்க முடியாத அளவில் அச்சிடுவதும் ஒரு தொழில்நுட்பம்தானே.

ஊரே நம்பிய 'ஹெல்த் டிரிங்க்' கதையும் இப்படித்தான் வெளுத்தது. சர்க்கரையும் மால்ட்டும் கலந்த தூளைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை உயரமாகும், கணக்கில் நூறு வாங்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணையக் கடைகளுக்கு ஒரு கடிதம் போட்டது: போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பிலிருந்து எடுங்கள், அப்படி ஒரு வகை உணவுச் சட்டத்திலேயே இல்லை. அதே மாதத்தில் ஹார்லிக்ஸும் தன் பிரிவின் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்பதைக் கழற்றியது. சட்டத்தில் இல்லாத ஒரு பொருளுக்கு எத்தனை தாய்மார்கள் மாதச் சம்பளத்தில் பங்கு ஒதுக்கினார்கள். மன்னிப்புக் கேட்டு யாராவது ஒரு டப்பாவைத் திருப்பித் தந்தார்களா?

புரதத் தூள்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கேரளத்து மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. இந்தியச் சந்தையில் விற்கும் 36 தூள்களைச் சோதித்ததில் ஏறக்குறைய எழுபது சதவீத டப்பாக்களில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்த புரத அளவும் பொருந்தவில்லை. அதற்கடுத்த மாதமே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் உணவு வழிகாட்டியில், உடம்பு ஏற்றப் புரதத் தூள் வேண்டாம் என்று எழுதியது. ஜிம் வாசலில் இருக்கும் கடைக்காரர் இரண்டையும் படித்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பவர் அட்டவணையெல்லாம் படிக்கிற ஆள்போலவும் தெரியவில்லை.

வியாபாரத்தின் நிஜமான அட்சயபாத்திரம் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் எந்தக் குழந்தைகள் கிளினிக்கிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கேட்கலாம்.

"பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான் சார். ஒரு டானிக் எழுதிக் குடுங்க."

"காலையில என்னம்மா சாப்பிட்டான்?"

"ஒண்ணுமே சாப்பிடல சார். ரெண்டு பாக்கெட் சிப்ஸு, ஒரு மேங்கோ ஜூஸு, அவ்வளவுதான்."

ஒன்றுமே சாப்பிடாதவன் மடியில் உட்கார்ந்து கைபேசியில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான். இந்தக் குழந்தையின் வயிற்றில் எந்த என்சைமும் குறையவில்லை. இரண்டு பாக்கெட் சிப்ஸையும் ஜூஸையும் செரித்துக்கொண்டிருக்கிறதே, அதுவே சாட்சி. நல்ல டாக்டர் இதைச் சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆகும். சிரப் எழுத எட்டு விநாடி ஆகும். வெளியே நாற்பது டோக்கன் காத்திருக்கிறது. டானிக் எழுதாத டாக்டர் 'கைராசி இல்லாதவர்' ஆகிவிடுவார்; அந்தத் தாய் அடுத்த தெருவுக்குப் போவாள். சில பசி சிரப்களில் இருப்பது ஒவ்வாமைக்குக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடின். பசியைத் தூண்டும், கூடவே தூக்கத்தையும் கொடுக்கும். பிள்ளை தின்கிறான், தூங்குகிறான், தொல்லை தரவில்லை. தாய்க்கு நிம்மதி, டாக்டருக்குக் கைராசி, கம்பெனிக்கு டார்கெட். பிள்ளைக்கு என்ன என்று கேட்பவன் அரசியல் பேசுகிறான்.

பெரியவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பசியில்லை, எடை குறைகிறது, சாப்பிட்டால் வயிறு நிறைந்தாற்போல் இருக்கிறது என்று சொல்லும் நாற்பது வயது கூலித்தொழிலாளிக்குக் காசநோயாக இருக்கலாம், இரைப்பைப் புற்றாக இருக்கலாம், கணையத்தில் கல்லாக இருக்கலாம். அவர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. 'மந்தமா இருக்கா அண்ணே, இதைக் குடிங்க' என்று ஒரு புட்டி வரும். அது தீரும்போது இன்னொன்று. வாசனை நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் தேவலாம் போலவும் இருக்கும். சளிப் பரிசோதனை செய்ய வேண்டிய மாதங்கள் அன்னாசி வாசனையில் கழியும்.

இனிமேல் கேலி இல்லை.

தென்னிந்தியாவில் ஒரு கணைய நோய் உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று மருத்துவ நூல்கள் சொல்லும். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து அதை விரிவாகப் பதிவு செய்தார். சென்னையின் நீரிழிவு மருத்துவர்கள் அதன் தொடர்ச்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்கு வரும். சிறு வயதில் வயிற்றுவலி, பிறகு கணையம் முழுக்கக் கற்கள், பிறகு சர்க்கரை நோய், கொழுப்பு செரிக்காமை. பீங்கானில் ஒட்டிக்கொண்டு போகாத எண்ணெய் மலம். எலும்பும் தோலுமாக ஆன இருபது வயதுப் பிள்ளைகள். குடியால் கணையத்தை எரித்துக்கொண்டவர்களும் இதே வரிசையில் வந்து சேர்கிறார்கள். அந்தச் சாராயத்தை விற்றது யார் என்று இந்த மாநிலத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இவர்களுக்கு என்சைம் வேண்டும். வாசனை சிரப் இல்லை. அமிலத்தில் கரையாமல் சிறுகுடலில் போய்த் திறக்கும் உறையிட்ட கணைய என்சைம் குளிகை. ஒவ்வொரு சாப்பாட்டோடும் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் யூனிட் லைப்பேஸ். நொறுக்குத்தீனி என்றால் அதில் பாதி. தினமும், சாகும்வரை. தேவையான அளவு மருந்துள்ள ஒரு குளிகையின் விலை அம்மா உணவகத்தில் ஒரு குடும்பமே இட்லி சாப்பிடும் காசு. ஒரு நாளைக்கு ஐந்தாறு வேண்டும். காப்பீட்டு அட்டை படுக்கையில் படுத்தால்தான் பெரும்பாலும் பேசும். வீட்டில் உட்கார்ந்து விழுங்கும் தினசரிக் குளிகைக்கு வாய் திறக்காது. எனவே என்ன செய்கிறார்கள்? ஒரு வேளைக்குரியதை மூன்று வேளைக்குப் பிரித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அல்லது எண்ணெய், தேங்காய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி குடிக்கிறார்கள். உருக்குலைகிறார்கள்.

கணையம் நன்றாக இருப்பவனுக்கு மூலைக்கு மூலை என்சைம். கணையம் செத்தவனுக்கு எட்டாத விலையில் என்சைம். இதை வடிவமைத்தவர்கள் யாரும் தூக்கம் இழந்ததாகச் செய்தி இல்லை.

அடுத்த வரிசை இதைவிட நீளமானது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம். முன்னேறிய மாநிலம் என்று மார் தட்டிக்கொள்கிற தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இவர்களின் என்சைம்கள் அருமையாக இருக்கின்றன. தயாராகக் காத்திருக்கின்றன. மேலிருந்து எதுவும் இறங்கி வரவில்லை, அவ்வளவுதான்.

உணவை மருந்தாகக் கொடுத்தால் வேலை செய்யுமா என்று நிஜமாகவே சோதித்திருக்கிறார்கள், அதுவும் இந்தியாவிலேயே. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2023இல் லான்செட்டில் வந்தது. காசநோயாளியின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்! எந்தக் கம்பெனியின் எந்த சிரப்புக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது? இருந்திருந்தால் அந்த எண்ணைச் சென்னை விமான நிலையத்திலிருந்து கிண்டிவரை பலகையில் எழுதியிருப்பார்கள். அரிசிக்குப் பிராண்ட் அம்பாசிடர் இல்லாததால் ஊருக்குத் தெரியவில்லை.

என்சைமின் உண்மையான மகிமை எங்கே இருக்கிறது என்று அறிய ஆசைப்படுவோர் அங்கன்வாடிக்குப் போகலாம். அங்கே கொடுக்கிற சத்துமாவில் முளைகட்டிய கேழ்வரகு இருக்கிறது. தானியம் முளைவிடும்போது அமைலேஸ் பெருகும். பாயன் 1833இல் பிரித்தெடுத்த அதே டயஸ்டேஸ்தான். அந்த மாவு கூழில் சேர்ந்தால் கட்டியாகும் மாவுச்சத்தை உடைத்து நீர்க்க வைக்கும். கூழ் நீர்த்தால் அதில் இன்னும் மாவு சேர்க்கலாம். சின்ன வயிறு கொண்ட குழந்தை அதே கிண்ணத்தில் கூடுதல் சத்தைக் குடிக்கும். இதைப் பரோடாவிலும் மைசூரிலும் ஆய்வகங்களில் அளந்து எழுதியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு அதற்கு முன்பே செய்திருக்கிறார்கள். இதில் என்சைம் வயிற்றுக்குள் போய் அமிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கிண்ணத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது. விலை? கேழ்வரகு விலை. இதையே 'ஸ்ப்ரவுடட் ராகி என்சைம் பிளெண்ட்' என்று கண்ணாடி ஜாடியில் அடைத்து, ஐந்து மடங்கு விலைக்கு விற்கும் கடைகள் அண்ணாநகரில் வந்துவிட்டன. அங்கன்வாடி மாவை மாட்டுக்கு ஊற்றிவிட்டு அந்த ஜாடியை வாங்கும் பெற்றோரும் வந்துவிட்டார்கள்.

ஆள்பவர்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. கணையம் கெட்ட நோயாளிக்கு உறையிட்ட என்சைம் குளிகையை அரசு மருத்துவமனையில் போதிய யூனிட் அளவில், மாதம் தவறாமல், இலவசமாகக் கொடுங்கள். 'இந்த மாதம் ஸ்டாக் இல்லை' என்ற பதிலை அந்த வரிசையில் மட்டும் சொல்லாதீர்கள். மருந்துத் தடைப்பட்டியலில் போன பொருள் உணவு உரிமத்தோடு பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்கும் யாராவது ஓர் அதிகாரிக்குச் சம்பளம் கொடுங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கலாம். அடுத்த முறை மருந்துச்சீட்டின் கடைசி வரியில் ஒரு சிரப் இருந்தால், எழுந்து வருமுன் டாக்டரிடம் கேளுங்கள்: "டாக்டர், என் கணையத்துக்கு என்ன ஆச்சு?" எண்ணெய் மலமும் எடை இழப்பும் இருந்தால் அவர் மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதித் தருவார், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அது பணத்துக்குத் தகும். 'சும்மா ஒரு சப்போர்ட்டுக்குத்தான்' என்று சொன்னால் அந்த வரியை அடித்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் காசுக்கு வீட்டுக்கு முட்டை வாங்கிக்கொண்டு போங்கள்.